உள்ளங்கையில் ஓர் அரசவை
மைசூர் கஞ்சிஃபா பிறந்த கதை

1831-ஆம் ஆண்டில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு காரியங்கள் நடந்தன. மைசூரில், மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரின் கையிலிருந்து நாட்டு நிர்வாகத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனி பறித்துக்கொண்டது. நகர் வட்டாரத்தில் குடியானவர்கள் கிளர்ந்தெழுந்ததைக் காரணம் காட்டி, இவருக்கு ஆளத் தெரியாது என்று கவர்னர் ஜெனரல் பென்டிங்க் முடிவு கட்டினார். அதே ஆண்டு லண்டனில் தாமஸ் டி லா ரூ என்ற அச்சுத் தொழிலதிபர், விளையாட்டுச் சீட்டுகளை வண்ணத்தில் அச்சடிக்கும் புதிய முறைக்கு அரச காப்புரிமை பெற்றார்.

அதிகாரம் போன பிறகு மைசூர் மன்னர் 37 ஆண்டுகள் வாழ்ந்தார். அரண்மனையும் பண்டிதர்களும் ஓவியர்களும் அவரிடமே இருந்தார்கள்; இல்லாமற்போனது அரசாங்க வேலைதான். அவருடைய ஆதரவில், இந்தியாவில் அதற்கு முன்னும் பின்னும் எவரும் செய்யாத அளவுக்குப் பெரிய, சிக்கலான சீட்டுக்கட்டுகள் உருவாயின. ஒவ்வொரு சீட்டும் கையால் ஒட்டி, கையால் வெட்டி, கையால் வரைந்தது. லண்டனில் ஓடத் தொடங்கிய அச்சு இயந்திரமோ, கையால் வரைந்த சீட்டுகள் எல்லாவற்றுக்கும் மெல்ல முடிவு கட்டியது. மைசூர் கஞ்சிஃபாவின் கதை இந்த இரண்டுக்கும் நடுவில் நிகழ்ந்தது. இன்று சிறிய அட்டையில் படம் ஒட்டி, வண்ணம் தீட்டி, நண்பர்களுக்குக் கொடுத்து மகிழும் எல்லோரும் அறிந்துகொள்ள வேண்டிய கதை அது.

ஆக்ராவிலிருந்து ஒரு பரிசு

கஞ்சிஃபா பாரசீகத்திலிருந்து வந்த ஆட்டம். இந்தியாவில் அதைப் பற்றிய பழைய குறிப்பு பாபரின் நாட்குறிப்பில் கிடைக்கிறது. 1527 ஜூன் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை இரவு, மீர் அலி என்ற ஆயுதக் காப்பாளரைச் சிந்து நாட்டின் ஷா ஹசனிடம் அனுப்பியதாக எழுதுகிறார். ஷா ஹசனுக்கு கஞ்சிஃபா ஆட்டத்தில் விருப்பம் அதிகம். அவர் கேட்டுக்கொண்டபடி சீட்டுகளையும் கொடுத்தனுப்பினாராம். ஆக, இந்திய மண்ணில் சீட்டு நமக்கு அறிமுகமாகும்போதே ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பும் பரிசாகத்தான் அறிமுகமாகிறது.

முகலாயர் கட்டில் 96 சீட்டுகள். எட்டு இனங்கள், இனத்துக்குப் பன்னிரண்டு. கிரீடம், வெள்ளிக் காசு, வாள், அடிமை, யாழ், பொற்காசு, பத்திரம், சரக்கு என்று இனங்களுக்குப் பெயர். ஒரு பேரரசின் கஜானா, ஆயுதசாலை, கச்சேரி, பண்டகசாலை எல்லாம் அந்தப் பட்டியலிலேயே தெரிகின்றன. ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு ராஜா, ஒரு மந்திரி, பிறகு ஒன்று முதல் பத்து வரை எண் சீட்டுகள்.

அக்பர் காலத்துச் சீட்டுகளை அபுல் ஃபசல் 'அயினி அக்பரி'யில் விவரித்திருக்கிறார். அங்கே எட்டு இனக் கட்டு மட்டுமல்லாமல் பன்னிரண்டு இனக் கட்டு ஒன்றும் வருகிறது. அசுவபதி, கஜபதி, நரபதி, தனபதி, சுரபதி, அசுரபதி, வனபதி, அகிபதி என்று அதன் இனங்களில் பலவற்றின் பெயர்களைத் தமிழ் வாசகர் அகராதி இல்லாமலே புரிந்துகொள்ளலாம். பாரசீகத்திலிருந்து வந்த ஆட்டம் அதற்குள்ளாகவே இந்நாட்டு உடை உடுத்தத் தொடங்கிவிட்டது.

அடுத்த மாற்றம் இன்னும் பெரியது. கிரீடமும் வாளும் இருந்த இடத்தில் திருமாலின் பத்து அவதாரங்கள் வந்து அமர்ந்தன. தசாவதாரக் கட்டில் பத்து இனங்கள், 120 சீட்டுகள். மச்சத்துக்கு மீன், கூர்மத்துக்கு ஆமை, வராகத்துக்குச் சங்கு, நரசிம்மத்துக்குச் சக்கரம், வாமனத்துக்குக் கமண்டலம், பரசுராமனுக்குக் கோடரி என்று ஒவ்வோர் அவதாரத்துக்கும் ஓர் அடையாளம். நவக்கிரகங்களை வைத்து 108 சீட்டுகள் கொண்ட கட்டும் உண்டு. ஒடிசாவில் ராமாயணமே கட்டாயிற்று. வங்காளத்து விஷ்ணுபூர், கொங்கணத்துச் சாவந்த்வாடி, தெலங்கானாவின் நிர்மல் என ஊருக்கு ஊர் சீட்டு எழுதும் ஓவியர் குடும்பங்கள் தோன்றின. ஆடும்போது தெய்வத்தின் பெயர் நாவில் வருவதால் புண்ணியமும் சேர்கிறது என்ற நம்பிக்கை, பெரியவர்களும் வீட்டுப் பெண்களும் கூச்சமின்றி ஆட வழி செய்தது.

இரண்டு இளம் அரசர்கள்

மைசூருக்கு இந்த ஆட்டம் வரும்போது, அதைத் தாங்கிக்கொள்ள அங்கே ஓர் ஓவிய மரபு ஆயத்தமாக இருந்தது. 1565-இல் தலைக்கோட்டைப் போருக்குப் பின் விஜயநகரம் சிதைந்தபோது, அங்கிருந்த சித்திரக்காரர்கள் ஆதரவு தேடித் தெற்கே நகர்ந்தார்கள். ஒரு கிளை தஞ்சாவூருக்கு வந்தது; இன்னொரு கிளை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போனது. 1610-இல் ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பிடித்தபோது அந்த ஓவியர்கள் மைசூர் அரசின் ஓவியர்கள் ஆனார்கள். தஞ்சாவூர்ப் படமும் மைசூர்ப் படமும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். தஞ்சாவூரில் புடைப்பு வேலை தடித்து நிற்கும், கண்ணாடிக் கற்கள் மின்னும். மைசூரில் புடைப்பு மெல்லியது, கோடு நுண்மையானது. பொன் தகடு இரண்டுக்கும் பொது.

1799 மே 4-ஆம் தேதி திப்பு சுல்தான் வீழ்ந்தார். அடுத்த மாதமே ஐந்து வயதும் நிரம்பாத சிறுவரான கிருஷ்ணராஜரைக் கம்பெனி அரியணையில் அமர்த்தியது. அவர் அந்தப் பெயரில் மூன்றாமவர் என்பதால் மைசூர் மக்கள் அவரை மும்மடி என்பார்கள். அதே 1799 அக்டோபரில் தஞ்சாவூரில் இரண்டாம் சரபோஜி தன் நாட்டு நிர்வாகத்தைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார். அதிகாரம் இழந்த சரபோஜி ஏடுகளையும் படங்களையும் சேர்த்து சரசுவதி மகாலை வளர்த்ததைத் தமிழர் அறிவார்கள். மும்மடியை அவருடைய மைசூர்ச் சகோதரர் என்றே சொல்லலாம். ஆள நாடு இல்லாத அரசர்கள் இருவர், அறிவையும் கலையையும் ஆண்டார்கள்.

மும்மடியின் பெயரில் வந்த பெருநூல் 'ஸ்ரீதத்துவநிதி'. கன்னட எழுத்தில் எழுதிய சமஸ்கிருதச் சுலோகங்களும் வண்ணப் படங்களும் கொண்ட ஒரு களஞ்சியம் அது. சக்தி நிதி, விஷ்ணு நிதி, சிவ நிதி என்று தொடங்கி ஒன்பது நிதிகள். எந்தத் தெய்வத்துக்கு எத்தனை கை, எந்தக் கையில் என்ன ஆயுதம், உடல் என்ன நிறம், ஏறிவரும் வாகனம் எது என்று ஓவியனுக்கு வேண்டியது அனைத்தும் அதில் இருக்கிறது. யோகம் பயில்வோர் அந்நூலை வேறொரு காரணத்துக்காக அறிவார்கள். அதில் படத்தோடு வரும் 122 ஆசனங்களை நார்மன் சோமன் 1996-இல் தனி நூலாக வெளிக்கொணர்ந்தார்.

ஒன்பதாவது நிதிக்குக் கௌதுக நிதி என்று பெயர், கேளிக்கைகளின் களஞ்சியம். மும்மடிக்கு விளையாட்டு பொழுதுபோக்கு மட்டுமில்லை, ஓர் ஆய்வுத் துறை. சதுரங்கக் குதிரையை 64 கட்டங்களுக்கும் ஒருமுறை மட்டும் கொண்டுபோகும் புதிர்களை வகுத்தார். கட்டம் போட்ட பலகை ஆட்டங்கள் பலவற்றைப் புதிதாக அமைத்தார். இந்த ஒன்பதாவது நிதியில்தான் மைசூர்ச் சீட்டு பிறக்கிறது.

பதின்மூன்று ஆட்டங்கள்

கௌதுக நிதி பதின்மூன்று சீட்டாட்டங்களை விவரிக்கிறது. அவற்றுக்கு மைசூர் அரண்மனை வழங்கிய பொதுப்பெயர் சத். தசாவதாரமும் நவக்கிரகமும் அவற்றில் உண்டு. மற்றவை மைசூரின் சொந்தப் படைப்புகள். மலைமேல் வீற்றிருக்கும் குலதெய்வத்தின் பெயரால் சாமுண்டேசுவரி சத். அதில் 16 இனங்கள், 320 சீட்டுகள். மன்னர் பெயராலேயே கிருஷ்ணராஜ சத். மிகப் பெரிய கட்டுகளில் 18 இனங்களும் 360 சீட்டுகளும் வரும்.

நாம் இன்று ரம்மி ஆடும் கட்டில் 52 சீட்டு. அதைப்போல் ஏறத்தாழ ஏழு மடங்கு! ஒவ்வொன்றும் தனித்தனியாக வரைந்தது. 360-இல் எந்த இரண்டும் ஒன்றில்லை. ஆனால் எல்லாம் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்று பார்த்ததும் தெரிய வேண்டும்.

எண்ணிக்கை மட்டும் வளரவில்லை, ஆட்டத்தின் அமைப்பே மாறிற்று. பழைய கஞ்சிஃபாவில் இனத்துக்கு ராஜாவும் மந்திரியும் மட்டுமே உருவச் சீட்டுகள். மைசூரில் உருவச் சீட்டுகள் பெருகின. எண் சீட்டுகள் பத்திலிருந்து பன்னிரண்டாயின. பழைய கஞ்சிஃபாவில் துருப்பு என்பதே கிடையாது. மைசூரில் ஓர் இனம் ஆட்டம் முழுதும் நிலையான துருப்பாக நிற்கும் ஆட்டங்களும், எதற்கும் பதிலாக வைக்கத்தக்க சீட்டுகளும் வந்தன. ஒரு சீட்டு எந்தத் தெய்வத்துக்கு உரியது, அந்தத் தெய்வத்தின் நிறம் என்ன, வாகனம் என்ன என்ற அறிவு முதல் எட்டு நிதிகளிலும் சேர்த்து வைத்தது. ஒன்பதாவது நிதி அதையெல்லாம் ஆடத்தக்கதாக மாற்றிற்று. ஒரு நூலகத்தைக் கலைத்துப் போட்டு மூன்று பேருக்குப் பங்கிட்டுக் கொடுத்த மாதிரி.

இந்த இடத்தில்தான் மும்மடியின் மேதைமையை நான் காண்கிறேன். ஆளும் வேலையை இழந்த ஒருவர் உலகத்தை முறைப்படுத்தும் ஆசையை இழக்கவில்லை. ராஜா, மந்திரி, யானை, குதிரை, காலாள் எல்லாரையும் கணக்குப்படி அடுக்கி, யார் யாரை வெல்லலாம் என்ற விதியையும் தாமே எழுதினார். 1861-இல் அவர் கட்டிய ஜகன்மோகன் மாளிகையின் சுவரில் 'சந்தான அம்புஜம்' என்ற ஓவியம் இருக்கிறது. உடையார் வம்சம் முழுவதும் அங்கே ஒரு தாமரையின் இதழ்களில் அமர்ந்திருக்கிறது. சீட்டில் செய்த அதே வேலையைத்தான் சுவரிலும் செய்திருக்கிறார்கள். பெரிய ஒன்றைச் சின்னச் சின்னக் கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் கொடுத்தார்கள்.

பழந்துணியிலிருந்து பொன்வரை

ஒரு கஞ்சிஃபாச் சீட்டின் உடம்பு ஒட்டுவேலையால் ஆனது. அரசர்களுக்குத் தந்தத்திலும் ஆமையோட்டிலும் சீட்டுகள் செய்தார்கள். ஆனால் நாட்டில் பரவிய சீட்டு பழந்துணியிலும் காகிதத்திலும் பிறந்தது.

துவைத்துத் துவைத்து மெலிந்த பருத்தித் துணியை எடுத்து, புளியங்கொட்டைப் பசை தடவி, அதன்மேல் இன்னொரு துணியையோ காகிதத்தையோ ஒட்டுவார்கள். வெயிலில் காயவைத்து, சுண்ணாம்புப் பொடியைப் பசையில் குழைத்து இருபுறமும் பூசுவார்கள். துணியின் இழைகளுக்கு நடுவிலுள்ள துளைகள் அடைபட்டு, பரப்பு சமமாகும். காய்ந்ததை வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். பிறகு வட்டமாக வெட்டுவார்கள். கூர்விளிம்புள்ள இரும்புக் குழலை வைத்துத் தட்டி எடுக்கும் வழக்கம் ஒடிசாவில் இருக்கிறது. இத்தனைக்கும் பிறகே ஓவியர் தூரிகையைத் தொடுவார்.

புளியங்கொட்டைப் பசைதான் இத்தனைக்கும் பிடிமானம். மலிவாகக் கிடைக்கும், இறுகினால் விடாது. நம் ஊர்க் கைவினைக்கு அந்தக் கொட்டை செய்த உதவிக்குத் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம்.

நிறங்கள் மண்ணிலிருந்தும் செடியிலிருந்தும் வந்தன. சாதிலிங்கம் சிவப்புத் தரும், அரிதாரம் மஞ்சள், அவுரி நீலம், விளக்குப் புகை கருப்பு. இவற்றைப் பசையில் குழைத்து, அணில் மயிர்த் தூரிகையால் தீட்டுவார்கள். முதலில் முழு வட்டத்துக்கும் ஒரே நிறம். அதன்மேல் உருவம், உருவத்தின்மேல் ஆடை, ஆடையின்மேல் அணி, கடைசியில் கண். கட்டு முடிந்ததும் அரக்கோ வார்னிஷோ பூசுவார்கள். வியர்வைக் கையில் பிடித்தாலும் நிறம் போகாது.

இவ்வளவையும் பார்த்துவிட்டு இது அலங்கார வேலை என்று நினைத்தால் பாதிதான் புரிந்ததாகும். சீட்டின் ஒவ்வோர் அழகுக்கும் பின்னால் ஆட்டத்தின் தேவை ஒன்று இருக்கிறது. பின்புறம் ஏன் ஒரே நிறம்? சிறு புள்ளி ஒன்று மாறினாலும் எதிராளி அடையாளம் கண்டுகொள்வான். முன்புறத்தில் இனத்துக்கு ஒரு நிறம் ஏன்? நாற்பது சீட்டுகளைக் கையில் விரித்து வைத்திருப்பவருக்கு நொடியில் இனம் தெரிய வேண்டும். வட்டமாக இருப்பதால் தலைகீழ் என்ற தொல்லை குறைவு, மடங்கி நைந்துபோக மூலைகளும் இல்லை. மந்திரியும் ராஜாவும் குழம்பிவிடக் கூடாது என்பதற்காக ராஜா சிம்மாசனத்தில் அல்லது தேரில் இருப்பார், மந்திரி பெரும்பாலும் குதிரையில் வருவார். மைசூர் ஓவியரின் பெருமையான புடைப்பு வேலை சீட்டில் இடம்பெறாததற்கும் அதுவே காரணம். வீசி ஆடும் பொருளில் புடைப்பு நிற்காது. ஓவியர் தம் கைவரிசையில் ஒன்றை ஆட்டத்துக்காக விட்டுக்கொடுத்து, கோட்டின் நுண்மையில் அதை ஈடு செய்தார்.

ஆடும் முறை

தசாவதார ஆட்டம் எளிமையானது. அதைத் தெரிந்துகொண்டால் சத் எங்கே தொடங்கியது என்பதும் விளங்கும். தரையில் வெள்ளைத் துணி விரித்து, 120 சீட்டுகளையும் கவிழ்த்துப் போட்டுக் கையால் கலைப்பார்கள். விறைப்பான வட்டச் சீட்டை நம் சீட்டுக்கட்டைப்போல் கையில் வைத்துக் கலைக்க முடியாது. மூன்று பேர் ஆடினால் ஆளுக்கு நாற்பது, ஐந்து பேர் என்றால் இருபத்து நான்கு.

பகலில் ஆடினால் ராமர் இனத்து ராஜாவை வைத்திருப்பவர் தொடங்குவார். இரவில் என்றால் கிருஷ்ணர். ராஜா எல்லாரையும் வெல்வார், அடுத்து மந்திரி. எண் சீட்டுகளில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஐந்து அவதாரங்களில் ஒன்றாம் எண்ணுக்கு மதிப்பு அதிகம், பத்துக்குக் குறைவு. மற்ற ஐந்து அவதாரங்களில் பத்துக்கு மதிப்பு அதிகம், ஒன்றுக்குக் குறைவு. பாதிக் கட்டில் சிறியது பெரியதை வெல்லும். துருப்பு இல்லாததால் அதிர்ஷ்டம் கைகொடுக்கும் இடம் குறைவு. எந்தச் சீட்டு விழுந்துவிட்டது, எது இன்னும் யார் கையில் என்ற நினைவே வெற்றி. 120 சீட்டில் இதை நினைவு வைப்பதே கடினம். 360-இல் நினைவு வைத்தவர்களை எண்ணிப் பாருங்கள்.

அரண்மனையைத் தாண்டாத ஆட்டம்

சத் ஆட்டத்தின் குறையும் இந்தப் பெருக்கமே. விதிகள் சிக்கலானவை, கட்டு பெரியது, செய்ய மாதக்கணக்கில் உழைப்பு வேண்டும். ஆடுவோர் பெரும்பாலும் மன்னரைச் சுற்றி இருந்தவர்களே. 1868-இல் மும்மடி காலமானபோது, அந்த ஆட்டங்களை உயிரோடு வைத்திருந்த கூடமும் கலைந்தது.

வெளியே சந்தையில் அச்சுச் சீட்டு வந்திறங்கியது. ஐம்பத்திரண்டு சீட்டு, நான்கே இனம், சில அணா விலை. இஸ்பேடும் கிளாவரும் டைமனும் வீடுதோறும் நுழைந்தன. நம் பக்கத்து முந்நூற்று நாலு, ரம்மி, கழுதை எல்லாம் அந்தக் கட்டில் ஆடுபவைதாம். அச்சுச் சீட்டைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஏழை வீட்டுத் திண்ணைக்கும் ஆட்டத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அதுதான். ஆனால் சீட்டு எழுதிப் பிழைத்த ஓவியர் குடும்பங்களுக்கு வேலை இல்லாமற்போனது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் கஞ்சிஃபா சில ஊர்களில் சில முதிய கைகளில் மட்டும் மிஞ்சியிருந்தது.

அதைத் தேடிப் போனவர்களில் முக்கியமானவர் ருடால்ஃப் வான் லெய்டன். 1933-இல் ஜெர்மனியை விட்டு பம்பாய்க்கு வந்தவர். பத்திரிகையில் கலை விமரிசனம் எழுதினார். பம்பாயின் முற்போக்கு ஓவியர் குழுவுக்குத் தொடக்கத்திலேயே துணை நின்றார். அவரே ஊர் ஊராகச் சென்று சீட்டுகளைச் சேகரித்தார். மைசூர்ச் சத் பற்றி 1973-இல் ஒரு நூல் வெளியிட்டார். 1982-இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் பதிப்பாக இந்தியச் சீட்டுகள் பற்றிய அவருடைய நூல் வந்தது. நவீன ஓவியத்துக்காக வாதாடிய ஒருவர் இந்தச் சிறிய வட்டங்களுக்கும் தம் வாழ்நாளின் ஒரு பகுதியைக் கொடுத்தார் என்பதில் எனக்கு வியப்பில்லை. நல்ல கண்ணுக்குப் படத்தின் அளவு தடையாவதில்லை.

1970-களில் சாவந்த்வாடி அரச குடும்பம், எஞ்சியிருந்த முதிய கைவினைஞரிடம் தொழிலைக் கற்று, அரண்மனையிலேயே பட்டறை தொடங்கி அதை மீட்டது. ஒடிசாவில் இன்னும் சீட்டு எழுதுவோரும் உண்டு, ஆடுவோரும் உண்டு.

மைசூரில் கஞ்சிஃபா என்றதும் எல்லோரும் சொல்லும் பெயர் ரகுபதி பட்டா. பெயருக்கு முன்னால் கஞ்சிஃபாவையே அடைமொழியாகச் சுமப்பவர். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கலைக்கூடம் அமைத்து, பழைய முறையில் வரைந்தும் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தும் வந்திருக்கிறார். விஜயநகரத்திலிருந்து வந்த சித்திரக்காரர்கள் முதலில் தங்கிய அதே ஊர். மைசூரின் ராம்சன்ஸ் கலா பிரதிஷ்டானம் பழைய பலகை ஆட்டங்களையும் சீட்டுகளையும் கண்காட்சி வைத்து, மறுபடியும் செய்து, மக்கள் கையில் கொடுக்கிறது. மைசூர் கஞ்சிஃபாவுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

இவை எல்லாமே போற்றத்தக்கவை. ஆனாலும் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். இன்று விற்கும் கஞ்சிஃபாவில் பெரும்பகுதி சுவரில் மாட்டுவதற்கு. ஒரே ஒரு வட்டத்தைச் சட்டம் போட்டு வாங்கிப் போகிறார்கள். ஓவியருக்கு வருமானம் வருகிறது, தொழில் நிலைக்கிறது. ஆனால் 120-இல் ஒன்றாக இருக்கும்போதுதான் அந்த மீனுக்கும் ஆமைக்கும் பொருள் உண்டு. கையிலிருந்து கைக்குப் போகாத சீட்டு, படமாக மட்டுமே நிற்கிறது.

நம் கையில் இருப்பது

1997-இல் சூரிச் நகரில் வான்சி ஸ்டிர்னெமான் என்ற ஓவியர் 1,200 சிறு அட்டைகளைத் தாமே செய்து காட்சிக்கு வைத்தார். 64 மில்லிமீட்டர் அகலம், 89 மில்லிமீட்டர் உயரம். யாருக்கும் விற்பதில்லை, வேண்டுபவர் தாமும் ஒன்று செய்து கொண்டுவந்து மாற்றிக்கொள்ளலாம். அந்தப் பழக்கம் உலகெங்கும் பரவியது. சென்னையிலும் மைசூரிலும் பெங்களூரிலும் இன்று பலர் பயணச்சீட்டும் தபால்தலையும் துணித்துண்டும் ஒட்டி நோட்டுப்புத்தகம் நிரப்புகிறார்கள், சிறு அட்டைகள் செய்து நண்பர்களுக்கு அனுப்புகிறார்கள். பெரும்பாலோர் அதை வெளிநாட்டிலிருந்து வந்த பொழுதுபோக்கு என்று எண்ணுகிறார்கள். பழந்துணியையும் காகிதத்தையும் ஒட்டி, உள்ளங்கை அளவில் படம் எழுதி, ஒருவருக்கொருவர் கொடுத்து மகிழ்ந்த மரபு இந்த மண்ணில் ஐந்நூறு ஆண்டுகளாக இருக்கிறது. அதில் ஒரு கூடுதல் சிறப்பும் இருந்தது: அதை வைத்து ஆடலாம்.

அதனால் அட்டை செய்யும் நண்பர்களிடம் நான் வேண்டுவது இது. தனித்தனி அட்டையாகச் செய்யாமல் ஒரு கட்டாகச் செய்யுங்கள். நான்கு இனம் போதும். மைசூர் மல்லிகை, மைசூர் வெற்றிலை, நஞ்சன்கூடு வாழைப்பழம், ஊதுவத்தி. ராஜாவாகப் பூக்கட்டும் அம்மாவையே அமர்த்துங்கள், மந்திரியாகத் தேவராஜ மார்க்கெட்டுக்குக் கூடை சுமந்து வருபவரை. எண் சீட்டுக்கு ஒன்று முதல் பத்து வரை பூவோ இலையோ.

அட்டைக்கு வீட்டில் குவிந்து கிடக்கும் பழைய கல்யாணப் பத்திரிகைகளே போதும். இரண்டு மூன்றைச் சேர்த்து ஒட்டினால் நல்ல விறைப்பு வரும். புளியங்கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, இரவெல்லாம் ஊறவைத்து அரைத்து, தண்ணீர் விட்டுக் காய்ச்சினால் பசை. எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வட்டம் வரைந்து வெட்டுங்கள். இனத்துக்கு ஒரு பின்னணி நிறம், 48 சீட்டுக்கும் பின்புறம் ஒரே நிறம். நாட்காட்டிப் படம், ஜவுளிக்கடைப் பை, ஜரிகைத் துண்டு, பழைய பஸ் டிக்கெட் எதை வேண்டுமானாலும் ஒட்டலாம். ஒட்டியது மேலே துருத்தாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மூன்று பேர் உட்காருங்கள், ஆளுக்குப் பதினாறு. மல்லிகையிலும் வெற்றிலையிலும் பெரிய எண் வெல்லட்டும், மற்ற இரண்டிலும் சிறிய எண். பகலில் மல்லிகை ராஜா தொடங்கட்டும், இரவில் ஊதுவத்தி ராஜா. எந்த விதி நன்றாக இல்லையோ அதை மாற்றிக்கொள்ளுங்கள். மும்மடியும் வந்த ஆட்டத்தை வந்தபடி வைத்துக்கொள்ளவில்லை. இனம் கூட்டினார், துருப்புச் சேர்த்தார், தம் ஊர்த் தெய்வத்தை அமர்த்தினார். மரபைக் காப்பது என்றால் அவர் வரைந்ததை அப்படியே பார்த்து எழுதுவது ஒரு வழி. அவர் செய்ததைப்போல் நாமும் செய்வது இன்னொரு வழி. முதல் வழியில் உழைக்கும் ஓவியர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். இரண்டாவது வழி எல்லோருக்கும் திறந்திருக்கிறது. அதில் நடக்கும் ஆட்கள் பெருகினால், மைசூர்ச் சீட்டு மறுபடியும் ஆடும் சீட்டாகும்.